யோர்தான் கரையில் ஓர் ஊதாப்பூ

என் மாமி கொழும்பு கொட்டாஞ்சேனையில் தங்கள் தேவாலயத்து ஃபாதரிடம், தன் மகளைக் கட்டிய வெள்ளவத்தைத் தம்பி நன்றாகப் படம் கீறுவார் என்று சொல்லிவிட்டார். அதில் பொய் என்று எதுவும் இல்லை. நான் கீறுகிறவன்தான். வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் கீறிக் கொடுப்பது என் தொழில். எங்கே சுவர் வரும், எங்கே படி வரும், குளியலறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதையெல்லாம் கீறுவேன். மரம் கீற வேண்டி வந்தால் ஒரு வட்டம் போட்டு நடுவில் புள்ளி வைப்பேன். பிளானில் மரத்துக்கு அவ்வளவு மரியாதைதான்.

விஷயம் இதுதான். அந்தச் சிறிய தேவாலயத்தில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் தொட்டிக்குப் பின்னால் ஒரு பெரிய சுவரோவியம் உண்டு. யோர்தான் ஆற்றில் ஆண்டவர் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார், அருளப்பர், அதாவது ஸ்நானம் கொடுக்கும் யோவான், சிப்பியால் அவர் தலையில் தண்ணீர் வார்க்கிறார், மேலே புறா பறக்கிறது. யார் வரைந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. போன மழைக்காலத்தில் கூரைப் பீலி உடைந்து தண்ணீர் சுவரில் ஊறியதில் படத்தின் கீழ்ப்பகுதியும் இரண்டு பக்கங்களும் பூச்சோடு சேர்ந்து உதிர்ந்துவிட்டன. அதிசயம் என்னவென்றால் முகங்கள் இரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. புறாவும் தப்பிவிட்டது. ஆறு போய்விட்டது, கரை போய்விட்டது, மரங்களும் போய்விட்டன. ஆண்டவர் வெறும் சீமெந்தில் நின்றார்.

ஃபாதர் என்னைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டினார். முகங்களைத் தொடவேண்டாம், பின்னாலும் கீழேயும் உள்ளதை மட்டும் நிரப்பினால் போதும் என்றார். எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. முகம் கீறுவதுதான் பயம். ஆறும் மரமும் யாருக்கும் நோகாதே.

அப்படித்தான் நினைத்தேன்.

தேவாலயத்துப் பங்குச் சபையின் செயலாளருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அவர் அரசாங்க வேலையில் இருந்து, நகரத்துக் கால்வாய்களில் படரும் செடிகளை அள்ளும் பகுதியைப் பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், ஆனால் எதையும் ஒருமுறை கிளறிப் பார்க்காமல் விடமாட்டார். நான் இந்து. கலியாணத்துக்கு முன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை, பின்னும் எடுக்கவில்லை. ஞானஸ்நானம் எடுக்காத ஒருவர் ஞானஸ்நானப் படத்தில் கை வைப்பது சரியா என்று அவர் என் முன்னிலையிலேயே, மிகவும் பணிவாகக் கேட்டார்.

ஃபாதர் "ஆறும் மரமும் ஞானஸ்நானம் எடுத்ததுகளா?" என்றார். "அதுகளத்தானே இவர் கீறப்போறார்."

மாமி அப்போது பக்கத்தில் நின்றார். கலியாண நேரத்தில் அவர் மிகவும் மனம் நொந்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். அதன்பிறகு அவர் என்னிடம் ஒரு குறையும் வைத்ததில்லை. ஆனால் என்னைப் பற்றி மற்றவர்களிடம் பேசும்போது "வெள்ளவத்தைத் தம்பி" என்றுதான் சொல்வார். கேட்பவர்கள் நான் காஸ் சிலிண்டர் கொண்டுவந்து கொடுக்கிறவன் என்று நினைத்தாலும் நினைக்கலாம்.

வெள்ளவத்தை ஃபிளாட்டில் எங்கள் அம்மாவின் சாமியறைச் சுவர் முழுக்கப் படங்கள்தான். சின்ன வயதில் கும்பிடச் சொன்னால் நான் சாமிகளுக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். லட்சுமிக்குப் பின்னால் ஒரு ஏரி, ஏரிக்கு அப்பால் பனிமலை, மலையில் இருந்து விழும் அருவி. முருகனுக்குப் பின்னால் ஒரு குன்று. அவற்றையெல்லாம் படத்தில் இடம் மிஞ்சியதால் நிரப்பியவை என்றே நினைத்திருந்தேன். யோர்தானையும் அப்படியே நிரப்பிவிடலாம் என்று துணிந்தேன்.

ஆறு வேண்டுமென்றால் ஆற்றைப் பார்க்க வேண்டும் அல்லவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் களனிக்குப் போய் ஆற்றங்கரையில் ஒரு மருதமர நிழலில் இருந்தோம். அவள் கடலை கொறித்தாள், நான் கீறினேன். தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்தில் அசைந்து போனது. கரையோரம் பச்சை இலைகள் கொழுகொழுவென்று மிதந்தன, அவற்றின் நடுவே ஊதா நிறத்தில் ஒரு பூங்கொத்து. மேல் இதழில் மஞ்சளாக ஒரு பொட்டு. மிக அழகாக இருந்தது. அதையும் கீறிக்கொண்டேன்.

அந்த வழியாக வந்த பொலிஸ்காரர் ஒருவர் நின்று, என்ன கீறுகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். பாலம் இருக்கும் பக்கமாகப் பார்த்துக் கீறுகிறவனை விசாரிப்பது நியாயம்தான். நானும் சிங்களத்தில், உள்ளதைச் சொன்னேன்.

"ஜோர்தான் கங்க," என்றேன்.

அவர் தாளைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். "மேக கெலணி கங்க நே மஹத்தயா," என்றார். இது களனி கங்கை அல்லவா ஐயா என்று, வழிதவறியவனுக்குச் சொல்வதுபோல மிகவும் ஆதரவாகச் சொன்னார். மனைவி கடலைக் காகிதச் சரையை வாயில் வைத்துச் சிரிப்பை மறைத்துக்கொண்டாள். பிறகு அவளே விளக்கம் சொல்லி அவரை அனுப்பி வைத்தாள். போகும்போது அவர் திரும்பி, ஆறு நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத்தான் போனார். அந்த ஓவியத்துக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான். நெடுநாளைக்கு அது ஒன்றுதான்.

பெயின்ற் வாங்கக் கொட்டாஞ்சேனையிலேயே ஒரு ஹார்ட்வெயார் கடைக்குப் போனேன். கடைக்கார நானா, முஸ்லிம் பெரியவர், என் தொழிலால் எனக்குப் பழக்கம். நீலத்திலும் பச்சையிலும் இத்தனை வகை கேட்கிறேனே, எந்த வீட்டுக்கு என்று விசாரித்தார். விஷயத்தைச் சொன்னேன். முகங்களைத் தொடக்கூடாது, ஆறும் மரமும் மட்டும்தான் என் பொறுப்பு என்றேன்.

நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கட ஊட்டுச் செவுத்துலயும் ஆறுதான் தொங்குது," என்றார். "ஆறு, தோட்டம், பழமரம். ஆளே இல்ல. சொர்க்கம் எப்படி இரிக்கும்னு நெனச்சிப் பாக்கத்தான் அது. அப்ப நீங்களும் இப்ப எங்கட வேலையத்தான் செய்றீங்க."

பிறகு, பச்சையில் கஞ்சத்தனம் பண்ணவேண்டாம், சொர்க்கத்துக்குப் பச்சைதான் முக்கியம் என்று சொல்லி இன்னும் ஒரு பெயின்ற் ரின்னைத் தூக்கி மேசையில் வைத்தார். அது பக்தியா வியாபாரமா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் சொன்னது மனதில் ஓடியது. ஆளில்லாத ஆறும் ஏதோ சொல்லுமா என்று முதன்முறையாக யோசித்தேன்.

வேலை தொடங்கிய நாளில் சாரம் கட்டி, உதிர்ந்த இடங்களைச் சுரண்டி, வெடிப்புகளுக்குப் பட்டி பார்த்தேன். இடது ஓரத்தில் பழைய மரம் ஒன்றின் அடிப்பாகம் தப்பியிருந்தது. அதில் சாய்வாக ஒரு கறுப்புக் கோடு. பெரிய வெடிப்பு என்று நினைத்து அதையும் நன்றாக அடைத்து, மேலே மரப்பட்டை நிறம் பூசிவிட்டேன்.

பின்னேரம் மாமி பிளாஸ்கில் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். கப்பல் கொம்பனி ஒன்றில் தட்டெழுத்தாளராக இருந்தவர், ஒரு எழுத்து மாறினாலும் கண்ணில் குத்தும். சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

"கோடாலி எங்க?" என்றார்.

எந்தக் கோடாலி என்று கேட்டேன்.

"மரத்துல கொத்தி வச்சிருந்த கோடாலி. அத எங்க?"

யாரோ விறகுவெட்டி மறந்துவிட்டுப் போன கோடாலி ஆண்டவர் படத்தில் எதற்கு என்று நினைத்தேன், வாய்விட்டும் கேட்டுவிட்டேன். மாமி முன்வரிசை வாங்கில் உட்கார்ந்து, பொறுமையாகச் சொன்னார். அருளப்பர் ஆற்றங்கரையில் நின்று பிரசங்கம் பண்ணும்போது, நல்ல கனி கொடுக்காத மரத்தின் வேரருகே கோடாலி வைத்தாயிற்று என்று எச்சரிப்பாராம். அந்தக் கோடாலிதான் இது. அது இல்லாவிட்டால் அந்த மரம் சும்மா மரம். நான் அருளப்பரின் பிரசங்கத்தில் பாதியைப் பட்டி வைத்து அடைத்திருக்கிறேன்.

அன்றைக்கே கோடாலியைத் திரும்பக் கீறினேன். கைப்பிடி, இரும்பு, கூர் எல்லாம் அளவோடு வந்தன. பிளான் கீறுகிறவனுக்குக் கோடாலி சுகம். மாமி பார்த்துவிட்டு, கூர் கொஞ்சம் அதிகம், பார்க்கிற பிள்ளைகள் பயப்படும் என்றார். கொஞ்சம் மழுக்கினேன்.

அதன்பிறகு மாமி தினமும் வந்தார். கேள்வி கேட்கிற எனக்கும் சொல்லிக்கொடுக்கிற அவருக்கும் அது பழகிப்போயிற்று. கோடாலி வைத்த மரத்துக்கு எதிரே தளிர்விட்ட மரம் ஏன், கரையில் நாணல் ஏன், பின்னால் மலை ஏன் வெறுமையாக இருக்கிறது, எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. சிலதுக்கு அவரே பதில் உண்டாக்குகிறார் என்றும் எனக்குச் சந்தேகம். கலியாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்தாற்போல் பேசியது சாப்பாடு போதுமா, மழை வருமா என்பதைத்தான். இப்போது மனந்திரும்புதல் பற்றிக் கதைத்தோம்.

பெரிய சிக்கல் மிருகத்தால் வந்தது. ஆண்டவருக்கு ஒரு பக்கத்தில், தண்ணீர் குடிக்கக் குனிந்தபடி ஏதோ ஒரு மிருகம் பழைய படத்தில் இருந்தது என்பதில் எல்லோரும் ஒரே சொல்லாக நின்றார்கள். என்ன மிருகம் என்பதில்தான் சண்டை. மாமி மான் என்றார். செயலாளர் ஆட்டுக்குட்டி என்றார். வாசலில் மெழுகுதிரி விற்கும் பெண், அது நாய் என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தாள்.

அந்தத் தேவாலயத்தில் அந்தத் தொட்டியில்தான் எல்லோருக்கும் ஞானஸ்நானம் நடந்தது. அப்படியானால் எல்லோர் வீட்டு அல்பத்திலும் அந்தச் சுவர் இருக்கும். ஃபாதர் பூசையில் அறிவித்தார். சனம் அல்பங்களைத் தூக்கிக்கொண்டு வந்தது. நாங்கள் நீண்ட மேசை போட்டு இருந்து பார்த்தோம். என் மனைவியின் படத்தில் மிருகத்தின் இடத்தில் ஞானத்தகப்பனின் தோள் இருந்தது. இன்னொன்றில் ஒரு சேலை முந்தானை. இன்னொன்றில் பழைய ஃபாதரின் முழங்கை. எத்தனையோ குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன, எத்தனையோ பெரியவர்கள் கமராவைப் பார்த்துச் சிரித்தார்கள், அத்தனை பேரும் மாறிமாறி அந்த மிருகத்தை மறைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு படத்தில் வால் தெரிந்தது. முகத்துவாரத்தில் இருந்து ஒரு மீன்பிடிக் குடும்பம் கொண்டுவந்த படத்தில் கொம்பு தெரிந்தது. கொம்பு என்றதும் மெழுகுதிரிப் பெண் தன் நாயைக் கைவிட்டாள்.

ஆனால் அந்த மேசையில் வேறொன்றும் நடந்தது. மிருகத்தைத் தேட வந்தவர்கள் குழந்தைகளை அடையாளம் காணத் தொடங்கினார்கள். இது கனடாவில் இருக்கிறது, இது நீர்கொழும்பில் கட்டியது, இது கடலில் போனது என்று சொல்லிச் சொல்லி, பின்னேரம் வரை ஒருவரும் எழும்பவில்லை. மாமி என் மனைவியின் படத்தை மட்டும் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தார். படத்தில் அவரும் இருந்தார், மெலிந்து, கையில் பிள்ளையோடு.

ஃபாதர் தீர்ப்புச் சொன்னார். நீரோடையைத் தேடும் மான், கடவுளைத் தேடும் ஆத்துமாவுக்கு அடையாளம், ஆகவே மான். நான் மான் கீறினேன். கொம்பு, கழுத்து, கால் எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தால் மான்தான். சேர்த்துப் பார்த்தால் ஏதோ பிழையாகிவிட்டது.

மாமி நீண்ட நேரம் பார்த்தார். "தம்பி, இது மான் இல்ல. ஆடு," என்றார். "வெள்ளாடு."

வெள்ளாடு என்றால் சாதாரணக் குறை இல்லையாம். கடைசி நாளில் ஆண்டவர் செம்மறிகளை வலப்பக்கமும் வெள்ளாடுகளை இடப்பக்கமும் பிரித்து நிறுத்துவாராம். இடப்பக்கத்தில் நிற்பவர்கள் கதி நல்ல கதி இல்லை. என் மிருகம் இடப்பக்கத்தில் நின்றது. அது நமக்கு இடது, ஆண்டவர் நம்மைப் பார்த்து நிற்பதால் அவருக்கு அது வலது என்று நான் வாதாடினேன். மாமி சாரத்துக்குக் கீழே ஆண்டவர் நிற்பதுபோல் திரும்பி நின்று, இரண்டு கைகளையும் நீட்டி, வலது எது என்று சரிபார்த்தார். நான் சொன்னது சரிதான் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் வலப்பக்கத்தில் வெள்ளாட்டுக்கு என்ன வேலை என்று அடுத்த கேள்வி கேட்டார். கடைசியில் உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் வைத்தேன். புள்ளி வைத்ததும் அது மானாகிவிட்டது. பிளானிலும் அப்படித்தான், புள்ளி வைத்தால்தான் வட்டம் மரமாகும்.

படம் முடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் இருந்தது. நான் சொல்லியிருந்ததால் எங்கள் அம்மாவும் வெள்ளவத்தையில் இருந்து த்ரீவீலர் பிடித்து வந்துவிட்டார். கலியாணத்துக்குப் பிறகு அவர் அந்தத் தேவாலயப் படியேறியது அன்றுதான். பூசை முடிந்து சனம் படத்தைப் பார்க்க நெருங்கியபோது சம்பந்திகள் இருவரும் முன்னால் நின்றார்கள். அம்மா ஆற்றைப் பார்த்துக் கைகூப்பினார்.

"கங்கை நல்லா இருக்கு," என்றார். "தாமரையும் வச்சிருக்கிறாய். சேத்தில நிண்டாலும் சேறு ஒட்டாது. அதுதான் தாமரை."

அம்மா காட்டியது களனிக்கரையில் நான் பார்த்த ஊதாப்பூவை. கரையோரத்துத் தண்ணீரில் அதை அப்படியே கீறியிருந்தேன்.

மாமி மெதுவாகத் திருத்தினார். அது தாமரை இல்லை, லீலி. மாதாவின் தூய்மைக்கு அடையாளம். லீலி வெள்ளை அல்லவா என்று அம்மா கேட்டார். தாமரை மட்டும் இப்படிக் கொத்தாகவா பூக்கும் என்று மாமி கேட்டார். பிறகு அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப்போய், இதழில் உள்ள மஞ்சள் பொட்டைப் பார்த்து, இது மயில்பீலிக் கண் மாதிரி அல்லவா இருக்கிறது என்று முருகனிடம் போய்விட்டார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று தலையைப் பொதுவாக ஆட்டினேன்.

அப்போதுதான் செயலாளர் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இது ஜப்பான் ஜபர," என்றார்.

சிங்களத்தில் அந்தச் செடிக்கு அதுதான் பெயர். தமிழில் ஆகாயத்தாமரை என்பார்கள். அழகான பெயர்தான், ஆனால் குளத்தையும் கால்வாயையும் மூடி நெரிக்கிற களை. செயலாளர் தன் வாழ்நாள் முழுவதும் அதை அள்ளி அள்ளிக் கரையில் கொட்டியவர். அள்ளிய இடத்தில் மறுபடி முளைக்கும், திரும்பவும் அள்ளுவார். ஓய்வு பெற்று நிம்மதியாகக் கும்பிட வந்தால் அது ஆண்டவரின் பக்கத்திலேயே பூத்து நிற்கிறது. உடனே அழிக்கவேண்டும் என்றார்.

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. நான்கூட அது என்ன செடி என்று அறியாமல்தான் கீறினேன். அழித்துவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மாமி முந்திக்கொண்டார்.

"எங்கட மருமோன் கண்ணால பாத்ததக் கீறியிருக்கார்," என்றார். "கோதுமைக்குள்ள களை மொளச்ச கதையில ஆண்டவர் என்ன சொன்னார்? இப்பவே புடுங்காதீங்க, அறுப்புக்காலம் மட்டும் நிக்கட்டும் எண்டுதானே? புடுங்கிறதெண்டா மொதல்ல எங்கள்ல எத்தின பேரப் புடுங்கவேணும்."

ஃபாதர் தரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார். எனக்குக் களையின் விதி அப்போது முக்கியமாகப் படவில்லை. 'எங்கட மருமோன்' என்ற சொல்லே காதில் நின்றது. மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவளும் கேட்டிருக்கிறாள்.

செயலாளர் ஒரு நிபந்தனை வைத்தார். "ஒரு செடிதான். அதுக்கு மேல பரவக்கூடாது," என்றார். நான் வாக்குக் கொடுத்தேன். அவர் இப்போதும் ஞாயிறுதோறும் பூசைக்கு முன் போய் எண்ணிப் பார்ப்பதாகக் கேள்வி.

அடுத்த மாதம் மாமி எங்கள் அம்மாவைப் பார்க்க வெள்ளவத்தைக்கு வந்தார். அதற்கு முன் அவர் அங்கே வந்தால் முன்னறையோடு சரி. அன்று தேத்தண்ணீர் குடித்துவிட்டு, சாமியறைப் படங்களைப் பார்க்கலாமா என்று தானாகவே கேட்டார். செருப்பைப் படிக்கட்டிலேயே கழற்றியிருந்தும், வாசலில் நின்று காலை ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

லட்சுமியின் இரண்டு யானைகளும் ஏன் தண்ணீர் வார்க்கின்றன என்று விசாரித்தார். அவை மழைமேகங்கள் என்று அம்மா சொன்னார். இத்தனை வருடம் அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு அது தெரியாது. மாமி தலையசைத்து, தண்ணீர் வார்க்கிறது எல்லா இடத்திலும் உண்டு போல என்றார். பிறகு சரஸ்வதிக்குப் பக்கத்தில் நிற்கும் அன்னத்தைக் காட்டினார்.

"இந்த வாத்து?"

அம்மா வாத்து என்றதைப் பொறுத்துக்கொண்டார். அன்னம் பாலையும் தண்ணீரையும் பிரித்து, பாலை மட்டும் குடிக்கும், நல்லது எது கெட்டது எது என்று பிரித்தறிவதற்கு அது அடையாளம் என்று விளக்கினார்.

மாமி கிட்டப்போய் அன்னத்தைப் பார்த்தார். "கொழும்புல இப்ப எல்லாரும் பால்மாவத்தானே தண்ணியில கரைக்கிறம்," என்றார். "அதுக்கு இங்க வேல கஷ்டம்."

அம்மா சிரிக்கத் தொடங்கி, சாமியறைக்குள் சிரிக்கக்கூடாது என்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். மாமியும் பின்னாலேயே வந்தார். இருவரும் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மத்தியானச் சாப்பாடு அன்று மிகவும் பிந்தியது.